உஸ்தா ஷெஹாதாவின் சுவரில் இரண்டு சான்றிதழ்கள்

ஷிர்பீன்
20 ஏப்ரல் 2019

எல்லைக் காவல் வீரரும் மணல்வெளியின் மாமன்னருமான என் அண்ணன் ரிஃபாத் அவர்களுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நேற்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குச் சற்று முன்பாக, நம் வீட்டுக் கறுப்புப் பூனை அப்பா ஓட்டும் மைக்ரோபஸ்ஸின் கடைசி இருக்கைக்கு அடியில் நான்கு குட்டிகளை ஈன்றது. தாயும் சேய்களும் நலம். தந்தை யார் என்பது விசாரணையில் இருக்கிறது. இதையொட்டி ஷிர்பீன் – மன்சூரா வழித்தடத்தில் ஒரு நடை ரத்து செய்யப்பட்டது. பொதுமக்கள் அமைதி காக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

இனி, அவ்வளவு முக்கியமில்லாத செய்தி. அப்பாவை ஈரல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

நம்பமாட்டாய் என்று தெரியும். நீ பட்டாளத்துக்குப் போன நாள்முதல் அம்மா கெஞ்சிய கெஞ்சலுக்கு எல்லாம் அவருடைய ஒரே பதில், சுவரைக் காட்டுவதுதான். நீ கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டுப் போனாயே, 'ஈரலில் வைரஸ் இல்லை' என்று முத்திரை குத்திய அந்தத் தாள். மூன்று மாதம் மாத்திரை விழுங்கி வாங்கிய தாள். "நான் பாஸ் ஆனவன்டி. பாஸ் ஆனவனை எவன்டி மறுபடி பரீட்சைக்குக் கூப்பிடுவான்?" என்பார். அதனால் நான் ஒரு சின்னப் பொய் சொன்னேன். லைசன்ஸ் புதுப்பிக்க இனிமேல் ஈரல் சீட்டும் வேண்டுமாம் என்றேன். ஐந்து நிமிடத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அங்கே டாக்டர் நாஹித் என்று ஒரு அம்மா. பார்த்தால் நம் கணக்கு டீச்சரின் தங்கை மாதிரி இருக்கிறார். சிரிப்பதற்கும் மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும் போல. ஆனாலும் ஸ்டாண்டில் டிரைவர்களைக் கூப்பிடுகிற மாதிரி அப்பாவை 'உஸ்தா' என்றுதான் கூப்பிட்டார்.

"உஸ்தா, வைரஸ் போயிடுச்சு, நல்ல விஷயம். திருடன் ஓடிட்டான். ஆனா அவன் இடிச்ச சுவர் இடிஞ்சபடியேதானே நிக்குது? உங்க ஈரல் சுருங்கிக் கெட்டியாப் போயிருக்கு."

"அதனால என்ன டாக்டர்? நல்லாத்தானே ஓட்டிக்கிட்டிருக்கேன்."

"பெரிய ரோட்ல லாரி கவுந்தா வண்டியெல்லாம் என்ன பண்ணும்?"

"ஊருக்குள்ள சந்துல பூந்து போகும்."

"அதேதான். ஈரல் வழியாப் போக முடியாத ரத்தம், உணவுக்குழாய்ல இருக்கிற சின்னச் சின்ன நாளத்துல பூந்து போகும். அந்தச் சந்து எவ்வளவு நாள் தாங்கும்? வீங்கும். ஒருநாள் வெடிக்கும். ரத்தமா வாந்தி எடுப்பீங்க. வீட்லயும் எடுக்கலாம், ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கும்போதும் எடுக்கலாம்."

நான் மனதுக்குள் எண்ணினேன். பதினான்கு பயணிகள், நான்கு பூனைக்குட்டிகள்.

பிறகு அப்பா சொன்னார்: "தொண்டைக்குள்ள குழாய் மட்டும் விடாதீங்க டாக்டர். எங்க அண்ணன் ஹில்மி குழாயை முழுங்கினான். மறுநாளே அவனை மண்ணு முழுங்கிடுச்சு."

அந்த அம்மா கோபப்படவில்லை. "எல்லாருக்கும் குழாய் வேண்டியதில்ல உஸ்தா. யாருக்கு வேணும்னு குழாய் இல்லாமலே ஓரளவு சொல்ல முடியும். ரெண்டே ரெண்டு எண்ணு. ஈரலோட கெட்டித்தனம் இருபதுக்குக் கீழ இருக்கணும். ரத்தத்துல பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கணும். ரெண்டும் சரியா இருந்தா இந்த வருஷம் குழாய் கிடையாது. ஒண்ணு தப்பினாலும் குழாய் உண்டு."

கெட்டித்தனத்தை அளக்கும் மெஷின் ரொம்பத் தமாஷ். விலா எலும்புக்கு நடுவே ஒரு கைப்பிடியை வைத்துப் பத்துத் தடவை தட்டுகிறார்கள். வலியே இல்லை. "யாரோ உள்ள ஆள் இருக்கான்னு கதவைத் தட்டுற மாதிரி இருக்குடா மீஸோ" என்று அப்பா சிரித்தார். எண் வந்தது: இருபத்தேழு. டாக்டர் மூக்கைச் சுருக்கினார்.

"வர்ற வழியில என்ன சாப்பிட்டீங்க?"

"பெருசா ஒண்ணுமில்ல டாக்டர். ரெண்டு தட்டு ஃபூல் பயறு. ஆறே ஆறு பயறு வடை. கொஞ்சம் ஊறுகா."

சாப்பிட்ட வயிற்றோடு பார்த்தால் ஈரல் ரத்தத்தில் ஊறி, எண் ஏறித்தான் காட்டுமாம். மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு வரவேண்டுமாம். தெருவுக்குத் தெரு ஃபூல் வண்டி நிற்கும் பாதையில் ஓட்டுகிறவரை மூன்று மணி நேரம் பட்டினி போட யாரால் முடியும்? ஆனால் என்னிடம் திட்டம் இருக்கிறது. இன்னும் பதினாறு நாளில் ரமலான். மேலிடத்து ஏற்பாட்டில் வெறும் வயிறு!

ஆகவே அண்ணா, நீ நிம்மதியாக மணலை எண்ணு. எண்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முஅத்தஸ் என்கிற மீஸோ,
குடும்பத்தின் தலைமைச் சுகாதார அமைச்சர்

*

மேற்கு எல்லை
2 மே 2019

மீஸோ,

உன் கடிதம் ரொட்டி லாரியில் பதினொரு நாள் கழித்து வந்து சேர்ந்தது. முனையில் எண்ணெய்க் கறை. பூனை விஷயத்தை இங்கே நான்கு பேர் கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று வைத்துக்கொள்.

போன் வைத்திருந்து பிடிபட்டால் பதினைந்து நாள் அடைத்துவிடுகிறார்கள். மாதம் ஒருமுறை அலுவலக போனில் மூன்று நிமிடம் தருகிறார்கள். அந்த மூன்று நிமிடத்தையும் அம்மா அழுதே தீர்த்துவிடுகிறாள். அதனால் எனக்கு வீட்டுச் செய்தி என்றால் நீதான். நீ எழுதுவதில் பாதி விளையாட்டு. எந்தப் பாதி என்று கண்டுபிடிக்க எனக்குத் தெம்பில்லை. பத்து மணி நேரம் காவல், ஆறு மணி நேரம் தூக்கம், மிச்ச நேரம் துப்பாக்கியிலிருந்து மணல் துடைப்பது. துடைத்து முடித்ததும் காற்று அடிக்கும்.

பெரியப்பா விஷயத்தில் அப்பா சொல்வது தவறு. உனக்கு அப்போது ஐந்து வயது, நினைவிருக்காது. நான் அந்தச் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். பெரியப்பா இருமினார் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்து நீட்டினேன். மேசைவிரிப்பு முழுக்கச் சிவப்பு. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி, அதற்கும் பிறகுதான் குழாய். குழாய் அவரைக் கொல்லவில்லை. குழாய் போய்ச் சேர நேரமாகிவிட்டது. இதை அப்பாவிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். நீ சொல்லிப் பார்.

இப்போது கவனமாகப் படி. ஜூனில் எனக்குப் பன்னிரண்டு நாள் விடுப்பு வருகிறது. குழாய் தேவை என்றால் அந்த நாட்களில் வந்து நானே அவரைப் பிடித்துக்கொண்டு போகிறேன். தேவை இல்லை என்றால், இங்கே கிர்கிஸ் என்று மின்யா ஊர்க்காரன் ஒருவன் இருக்கிறான், அவன் மனைவிக்கு ஜூனில் பிரசவம். அவன் முறை ஆகஸ்டில்தான். மாற்றிக்கொள்ளக் கேட்கிறான், தினமும் கேட்கிறான். ஜூன் ஒன்றாம் தேதி பட்டியல் மூடுகிறது.

அதற்குள் இரண்டு எண்களையும் அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம். பூனை வேண்டுமானால் ஒரு வரி.

ரிஃபாத்

*

ஷிர்பீன்
22 மே 2019, ரமலான் 17

அண்ணா,

பூனைக்கு ஒரு வரி: எல்லாக் குட்டிகளுக்கும் கண் திறந்துவிட்டது.

இப்போது எழுந்து நில். தொப்பியைக் கழற்று. எல்லை முழுவதும் கேட்கும்படி வாசி.

கெட்டித்தனம்: பதினெட்டு.
பிளேட்லெட்: இரண்டு லட்சத்து எண்பத்துநான்காயிரம்.

இரண்டும் தேறின! குழாய் கிடையாது! அப்பா மறுபடியும் பாஸ்!

முதல் எண்ணின் கதை கேள். ரமலான் எட்டாம் நாள் காலை, வெறும் வயிற்றோடு அப்பாவை மெஷின் முன்னால் நிறுத்தினேன். டாக்டர் நாஹித்துக்கு அப்பா நோன்பு பிடித்திருப்பது தெரிந்ததும் வந்தது பார் கோபம். "மூணு மணி நேரம் சாப்பிடாதீங்கன்னா, முப்பது நாளுமா பட்டினி கிடக்கச் சொன்னேன்? ஈரல் சுருங்கினவருக்கு நோன்பு யார் சொன்னது?" என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டினார். நான் வானத்தைக் காட்டினேன். எப்படியோ, தட்டினார்கள், பதினெட்டு வந்தது. இருபத்தேழில் ஒன்பது, ஃபூலின் பங்கு. வயிற்றில் பயறு இல்லாவிட்டால் மனிதன் எவ்வளவு இளகியவனாகிவிடுகிறான் பார்.

ரத்தம்தான் பெரும் பாடு. ரத்தத் தட்டு, அதுதான் பிளேட்லெட், எண்ணிவிட்டு வா என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அப்பா ஒரு வாரம் தட்டிக்கழித்தார். மனிதர் சோற்றுத்தட்டை மட்டும்தான் கழிக்கமாட்டார். ஆனால் உன் தம்பி எதற்கு இருக்கிறான்? முடித்துவிட்டேன். எப்படி என்று கேட்காதே, அது தொழில் ரகசியம். மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் லேபில் எடுத்தது, முத்திரை உண்டு, கையெழுத்து உண்டு. டாக்டர் நாஹித் பெருநாள் முடியும்வரை விடுப்பு, அதனால் ஒரு நகலை ஃபைலில் சொருகிவிட்டு வந்தேன்.

அசல் தாளை அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டு, நீ மாட்டிய தாளுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் காட்டுகிறார். மூன்றாவதாக என் படத்தை மாட்டச் சொல்லியிருக்கிறேன்.

கிர்கிஸுக்கு வாழ்த்து சொல். ஆண் குழந்தை பிறந்தால் மீஸோ என்று பெயர் வைக்கலாம், நான் தடை சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
குழாயை வென்றவன்

*

மேற்கு எல்லை
2 ஜூன் 2019

மீஸோ,

கடிதம் முப்பத்தோராம் தேதி கிடைத்தது. அன்றே போய்ப் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டுக் கிர்கிஸின் பெயரை எழுதச் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நாளை மறுநாள் கிளம்புகிறான். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதும் அவன்தான்.

உண்மையைச் சொன்னால் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன். கனவே இல்லாத தூக்கம்.

ஒரு விஷயம். மாத்திரை தொடங்கிய நாளில் அப்பாவின் சீட்டில் பிளேட்லெட் ஒன்று பத்து, அதாவது ஒரு லட்சத்துப் பத்தாயிரம், என்று பார்த்ததாக நினைவு. இப்போது இரண்டு எண்பத்துநான்கு. வைரஸ் போனதால் ஏறியிருக்கலாம். இவ்வளவா ஏறும்? எனக்குத் தெரியவில்லை. உன்னைக் கேட்க நினைத்தேன், அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நல்ல செய்தியைப் புரட்டிப் புரட்டிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. முத்திரை இருக்கிறது என்றாய். போதும்.

நன்றாகச் செய்தாய். இதை நான் உனக்கு அடிக்கடி சொல்வதில்லை.

அம்மாவிடம் ஆகஸ்டில் வருகிறேன் என்று சொல். பெருநாள் கஹ்க் பிஸ்கட்டில் பத்து எனக்கு எடுத்துவைக்கச் சொல். உடைந்தாலும் பரவாயில்லை.

ரிஃபாத்

*

ஷிர்பீன்
9 ஜூன் 2019

அண்ணா,

அறிவிப்பு எதுவும் இல்லை.

நேற்று மன்சூரா ஸ்டாண்டில் உஸ்தா லுத்ஃபி ரத்த வாந்தி எடுத்தார். அவர் வண்டி எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றது. நான் நம் வண்டிக் கதவில் தொங்கிக்கொண்டு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஸ்டியரிங்மேல் குனிந்தார். ஹாரன் ஒலித்தது, நிற்கவே இல்லை. விளையாடுகிறார் என்று நினைத்து நான் கைகூடத் தட்டினேன் அண்ணா. பிறகு அவர் வண்டிக் கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடி உள்பக்கமாகச் சிவந்திருந்தது.

அப்பாதான் அவரைத் தூக்கி நம் வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். பிழைத்துவிட்டார். குழாயை விட்டுத்தான், வெடித்த இடத்தை ரப்பர் வளையம் போட்டு இறுக்கிக் கட்டினார்களாம். லுத்ஃபியும் அப்பாவும் ஒரே நாளில் மாத்திரை தொடங்கியவர்கள். அவர் வீட்டுச் சுவரிலும் அதே தாள் தொங்குகிறது.

சாயங்காலம் ஸ்டாண்டில் டிரைவர்கள் எல்லாம் கூடி நின்றார்கள். ஒருத்தர் அப்பாவிடம், "ஏ ஷெஹாதா, உனக்கும் அதே வியாதிதானேப்பா? ஒரு எட்டு பார்த்துக்க" என்றார். அப்பா சட்டைப்பையிலிருந்து மடித்த நகலை எடுத்து விரித்தார்.

"ரெண்டு லட்சத்து எண்பத்துநாலாயிரம்! லேபு கையெழுத்து! இருபது வயசுப் பயலுக்குக்கூட இவ்வளவு இருக்காதுடா!"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அதை நம்பவே தொடங்கிவிட்டார்.

அண்ணா, அது என் ரத்தம்.

நடந்தது இதுதான். லேபுக்குப் போகிற வழியில் அப்பா படியிலேயே நின்றுவிட்டார். "நோன்பு வச்சுக்கிட்டு ரத்தம் குடுத்தா நோன்பு முறிஞ்சுடும்டா" என்றார். முறியாது என்றேன். "சின்ன வயசுல புழு வியாதின்னு எங்களை வரிசையில நிக்கவச்சு ஒரே ஊசியால அத்தனை பேருக்கும் குத்தினாங்க. அந்த ஊசிதான் எனக்கு இதைக் குடுத்துச்சு. இனிமே ஊசின்னா ஆகாது" என்றார். பிறகு என் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தார். "நீ எப்படியும் ஸ்கூல் சுவருக்குப் பின்னால ஒளிஞ்சு தின்னுட்டுத்தான் வர்ற, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? உனக்கு முறிய நோன்பே இல்ல. நீ போய்க் குடுத்துட்டு வா. என் ரத்தம்தானே உனக்குள்ள ஓடுது?"

எனக்கும் அது நல்ல தமாஷாகத்தான் பட்டது. மேலே ஏறினேன். அங்கே இருந்த பெண் ஏட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "பேரு?" "ஷெஹாதா." "வயசு?" "ஐம்பத்திமூணு." எழுதிக்கொண்டாள். கையை நீட்டினேன். கீழே வந்து அப்பாவிடம், ஐம்பத்திமூன்று வயதில் முகப்பருவோடு இருக்கிற ஒரே ஆள் நான்தான் என்றேன். இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

உனக்கு எழுதும்போது உண்மையைத்தான் எழுத உட்கார்ந்தேன். எண்ணைப் பார்த்ததும் அது எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா. எழுதிவிட்டேன். நீ விடுப்பைக் கொடுத்துவிடுவாய் என்று தெரியும். தெரிந்தும் எழுதினேன். 'நன்றாகச் செய்தாய்' என்ற உன் கடிதம் இன்று காலைதான் வந்தது.

இன்றும் அப்பா வண்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நான் கூடப் போகவில்லை. ஹாரன் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடிப் பார்க்கிறேன்.

என்ன செய்யட்டும்?

மீஸோ

*

மேற்கு எல்லை
17 ஜூன் 2019

முஅத்தஸ்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை உன்னை அடிக்க வேண்டும்போல் இருந்தது. இரண்டாம் முறை அப்பாவை. மூன்றாம் முறை படித்தபோது யாரை அடிக்கவும் கை எழவில்லை.

உன் ரத்தம் நல்ல ரத்தம். அதை ஒரு தாளில் எழுதி மாட்டுவதால் அப்பாவுக்கு ஒரு சொட்டுப் பிரயோஜனம் இல்லை. இதை நான் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் கண்ணாடியை நீ பார்த்துவிட்டாய்.

கிர்கிஸுக்குப் பெண் குழந்தை. நேற்றுத் திரும்பி வந்தான். எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தான், எனக்கு மட்டும் இரண்டு. அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. மேஜரிடம் அவசர விடுப்பு கேட்டேன். "அப்பா படுத்துட்டாரா?" என்றார். இல்லை என்றேன். "ஓட்டிக்கிட்டிருக்காரா?" ஆமாம் என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆக, நான் வர முடியாது. நீதான்.

டாக்டர் நாஹித் விடுப்பு முடிந்து வந்திருப்பார். போ. அந்தத் தாள் உன்னுடையது என்று சொல். அப்பாவின் நிஜமான ரத்தத்தைக் கொடுக்க வை. எண் குறைவாக வந்தால் குழாய்க்கு நாள் வாங்கு. அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பாய் என்று எனக்குத் தெரியாது. பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போகாதே. பொய்யால் போனவர் பாதி வழியில் திரும்பிவிடுவார், படியில் திரும்பிய மாதிரி.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இரண்டு நாளாக உறுத்துகிறது. முதல் தாளுக்குக் கண்ணாடி போட்டவன் நான். மாத்திரை முடிந்தாலும் வருஷா வருஷம் வந்து பார்க்க வேண்டும் என்று அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும், போய்ப் பார். சட்டத்தின் அளவு சரியாக வரவில்லை என்று அந்த வரியை உள்ளே மடித்துவிட்டேன். ஒன்று பத்து என்று நினைவு இருந்தும் உன் எண்ணை நம்பினேன். நம்பினால் தூக்கம் வரும் என்பதற்காக நம்பினேன்.

உனக்குப் பதினாறு வயது. இது உன் வேலை இல்லை. ஆனால் வேறு ஆள் இல்லை.

எழுது. என்ன நடந்தாலும் நடந்தபடி எழுது.

ரிஃபாத்

*

ஷிர்பீன்
29 ஜூன் 2019

மணல்வெளி மன்னருக்கு,

இதனால் மீண்டும் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நான்கு குட்டிகளில் மூன்று, தக்க இடங்களில் குடியமர்த்தப்பட்டன. நான்காவது, கியர் கம்பியைத் தன் தாய் என்று எண்ணி வண்டியை விட்டு இறங்க மறுக்கிறது. பேச்சுவார்த்தை தொடர்கிறது.

இனி, நடந்தது நடந்தபடி.

முதலில் நான் மட்டும் டாக்டர் நாஹித்திடம் போனேன். ஃபைலைத் திறந்து அந்தத் தாளை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார். அவரே கண்டுபிடித்திருந்தார்.

"இது யாரோட ரத்தம்?"

"என்னோடது டாக்டர்."

"ரொம்ப ஆரோக்கியமா இருக்கே. வாழ்த்துக்கள்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. பேனாவை மூடிவைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். காலையிலிருந்து எத்தனை பேரைப் பார்த்தாரோ, அவர் கண்ணும் உன் கடிதம் மாதிரியே களைத்திருந்தது. "வர்ற செவ்வாய்க்கிழமை அப்பாவோட வா. ரத்தம் இங்கயே எடுக்கலாம், என் கண் முன்னால" என்றார்.

செவ்வாய்க்கிழமை எடுத்தார்கள். அப்பாவின் நிஜமான எண்: எழுபத்தாறாயிரம். வீங்கிப்போன மண்ணீரல் தட்டுகளைத் தின்றுகொண்டிருக்கிறதாம். மெஷின் எண் பதினெட்டு என்பதால் மட்டும் தப்பிக்க முடியாது, இரண்டில் ஒன்று தப்பினாலும் குழாய் என்று அவர் முதல் நாளே சொன்னாரே.

வியாழக்கிழமை குழாய். நானும் கூடவே இருந்தேன். பெரிதாக வீங்கிய நாளங்கள் மூன்று. ஒன்றின்மேல் சிவப்புப் புள்ளிகள். அப்படிப் புள்ளி வந்தால் வெடிக்கக் காத்திருக்கிறது என்று அர்த்தமாம். நான்கு ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். அப்பா கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "பஞ்சர் ஒட்டியாச்சா?" டாக்டர் நாஹித் சிரித்தார் அண்ணா. அனுமதி கிடைத்துவிட்டது போல.

இரண்டு வாரம் வண்டி கிடையாது. பிறகும் டாக்டர் சொன்னால்தான். நாடித்துடிப்பைக் குறைக்கிற மாத்திரை தினமும். மூன்று வாரம் கழித்து மறுபடி குழாய். இப்போதைக்குத் தயிரும் பால் சாதமும்தான். ஃபூல் வண்டி தெருவில் போகும்போது அப்பா ஜன்னலோரம் நின்று கைகாட்டி வழியனுப்புகிறார். உஸ்தா லுத்ஃபி வந்து பார்த்துவிட்டுப் போனார். "உனக்கு எத்தனை வளையம்?" "நாலு." "எனக்கு ஆறு." அதிலும் போட்டி.

சுவரில் இருந்த என் தாளை அப்பாவே கழற்றினார். உன் தாளின் சட்டத்தையும் பிரித்து, நீ மடித்த வரியை நிமிர்த்திவிட்டு மறுபடி மாட்டினார். காலியான ஆணியில் அடுத்த குழாய்க்கான தேதிச் சீட்டு தொங்குகிறது, கண்ணாடி இல்லாமல்.

அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைத்தேன் என்றுதானே கேட்கப்போகிறாய்? அந்தத் திங்கட்கிழமை ஓடுகிற வண்டியில், பயணிகள் அத்தனை பேரும் கேட்க, எழுந்து நின்று ஒரு பிரசங்கம் செய்தேன். பெரியப்பா, லுத்ஃபி, சந்து, லாரி, எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். ஒரு வரி பிசகவில்லை. பயணிகள் வாயடைத்துப் போனார்கள். அப்பா வண்டியை வாய்க்கால் ஓரமாக நிறுத்திவிட்டு, "சரிடா, போகலாம்" என்றார். வக்கீலுக்குப் படிக்கலாமா என்று யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
பேச்சால் வென்றவன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். நடந்தபடி எழுது என்று சொன்னாய்.

பிரசங்கம் தயாராகத்தான் இருந்தது. இரண்டு நாள் மனப்பாடம் செய்தேன். எழுந்து நின்றேன். டிரைவர் கண்ணாடியில் அப்பா என்னைப் பார்த்து, "என்னடா மீஸோ, யார்கிட்ட காசு வரல?" என்று கேட்டார். அந்தக் கண்ணாடியைப் பார்த்ததும் லுத்ஃபியின் வண்டிக் கண்ணாடி நினைவுக்கு வந்து எனக்கு எல்லாம் மறந்துவிட்டது.

"எனக்குத்தான்ப்பா ரெண்டு லட்சத்து எண்பத்துநாலாயிரம் இருக்கு. உனக்கு இல்லப்பா" என்றேன். அவ்வளவுதான் என் பிரசங்கம். அதற்குப் பிறகு வெறும் அழுகை. கூடையில் வாத்து வைத்திருந்த ஹாஜ்ஜா ஃபிக்ரியா, "யாரு இந்தப் புள்ளைய அடிச்சது? ஏ உஸ்தா, வண்டிய நிறுத்து, மூக்கு ஒழுகி என் வாத்து மேல விழுது!" என்று கத்தினாள். அப்பா நிறுத்திவிட்டு இறங்கிப் பின்கதவைத் திறந்து, தோளில் கிடந்த துண்டால் என் முகத்தைத் துடைத்தார். டீசல் வாடை. யாரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை. பிறகு, "அழுவாதடா. முழுங்கித் தொலைக்கிறேன்" என்றார்.

குழாய் நாளில் கூடவே இருந்தேன் என்று எழுதியதும் பாதிதான். குழாயைப் பார்த்ததும் மயங்கிவிட்டேன். கண் விழித்தபோது பக்கத்துக் கட்டிலில் கிடந்தேன். வளையம் போட்ட தொண்டையோடு அப்பா ஃபைலால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

இதைக் கிர்கிஸிடம் படித்துக் காட்டாதே.